குடிக்காமலே ருசிக்கிறார்! நாசிக் ஒயின் ஆலைகளைச் சுற்றிவரும் மும்பை தமிழர்

நாசிக் என்றதும் நம்மவர்களுக்கு என்ன நினைவுக்கு வரும்?

ராமரும் சீதையும் தங்கியதாகச் சொல்லும் பஞ்சவடி. கோதாவரியில் கும்பமேளா. பக்கத்தில் திரியம்பகேசுவரர் கோவில். நாசிக் ரோடு ஸ்டேஷன் அருகே ரூபாய் நோட்டு அச்சகம். பிறகு லாசல்காவ் வெங்காயம். விலை ஏறும்போதெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் சபிப்பது அந்தச் சந்தையைத்தான்!

இன்னொன்றும் உண்டு. அது திராட்சை. அந்தத் திராட்சையில் இருந்து வடிக்கும் ஒயின்.

"ஒயின்" என்று எழுதியதுமே சில வாசகர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. காரணம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் பிராந்திக் கடைக்குத்தான் "ஒயின் ஷாப்" என்று பெயர். அங்கே ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும்! சம்பளக் கவர் வீடு வந்து சேராமல் அந்தக் கடை வாசலிலேயே கரைந்துபோன கதை தாராவியிலும் உண்டு, சயான் கோலிவாடாவிலும் உண்டு. அதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

ஆனால் இது குடிப்பவரைப் பற்றிய கட்டுரை அல்ல. சிவப்பு ஒயினை வாயில் வைத்து, நாக்கில் உருட்டி, ருசி பார்த்து, துப்பிவிடுகிற ஒருவரைப் பற்றியது.

பெயர் வேண்டாம்

அவருக்கு வயது 56. வடாலாவில் ஒரு லாரி சர்வீசில் கணக்கு எழுதுகிறார். சொந்த ஊர் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். 1988-ம் ஆண்டு மும்பைக்கு வந்தவர். நாசிக்குக்கு ரெயில் டிக்கெட் எடுக்க அடிக்கடி வந்து நின்றதில் எனக்குப் பழக்கமானார். "இந்த ஆள் மாதம் தவறாமல் நாசிக் போகிறாரே, வேண்டுதலா, வியாபாரமா?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"எழுதுங்கள் சார். ஆனால் பெயரைப் போட்டு விடாதீர்கள். பெரிய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் பேப்பர் படிக்கிறவர்கள்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனவே அவரை "நண்பர்" என்றே குறிப்பிடுகிறேன்.

நண்பரின் அப்பா திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும் கூலி. கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சைக்குப் பெயர் பெற்றது. 2023-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பாவின் கையில் கத்தரி பட்ட கொடி தப்பாமல் காய்க்கும் என்று ஊரில் பேச்சு. ஆனால் கூலி கைக்கு வந்ததும் கால் சாராயக் கடைக்குப் போகும். 42 வயதில் ஈரல் கெட்டு இறந்துபோனார். அப்போது நண்பர் எட்டாம் வகுப்பு. "சாராயத்தைத் தொட மாட்டேன்" என்று அம்மா அவரிடம் சூடம் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்டார். இன்றுவரை அந்தச் சத்தியத்தை நண்பர் மீறியது இல்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒயின் மேல் எப்படி ஆசை வந்தது?

நண்பர் கூறியதாவது:-

"ஆபீசில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார். கிறிஸ்துமசுக்கு வீட்டில் செய்த ஒயினை ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். சும்மா முகர்ந்தாவது பார் என்றார். முகர்ந்தேன். திராட்சை கனிந்து, வெடித்து, பந்தலுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும்போது சாயங்கால வேளையில் ஒரு வாசம் வரும். அது அப்படியே இருந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் இருந்த வாசம். சாராயம் குடிப்பதற்கு முந்திய வாசம் சார் அது!"

அதன்பிறகு 15 ஆண்டுகளாக அவர் அந்த வாசத்தின் பின்னால் அலைகிறார்.

அமெரிக்காவில் இருந்து வந்தவர்

மராட்டியத்தில் ஒயின் தொழில் அவ்வளவு பழையது அல்ல. புனே மாவட்டம் நாராயண்காவில் சியாம்ராவ் சவுகுலே 1980-களில் பெரிய அளவில் தொடங்கினார். பிரெஞ்சு முறையில் நுரைக்கும் ஒயின் செய்து வெளிநாட்டுக்கே ஏற்றுமதி செய்த நிறுவனம் அது. பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்து, கடைசியில் கடனில் மூழ்கியது. கர்நாடகத்தில் நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் தோட்டம் போட்டார்.

நாசிக்கில் திருப்பத்தை உண்டாக்கியவர் ராஜீவ் சாமந்த். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்து, கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு, நாசிக் அருகே இருந்த குடும்ப நிலத்துக்குத் திரும்பினார். அங்கே ஒயின் திராட்சை நட்டு, 2000-ம் ஆண்டில் முதல் பாட்டில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தாயார் பெயர் சுலபா. அதைச் சுருக்கி "சூலா" என்று பெயர் வைத்தார். 2005-ல் பொதுமக்கள் வந்து ருசி பார்க்க ஆலையிலேயே ஒரு கூடம் திறந்தார். 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனியின் பங்குகள் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டன.

மாநில அரசும் 2001-ம் ஆண்டு ஒயினுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, மராட்டியத் திராட்சையில் செய்த ஒயினுக்கு கலால் வரியில் சலுகை கொடுத்தது. இன்று கங்காபூர் அணைப் பக்கம், திண்டோரிப் பக்கம், இகத்புரிப் பக்கம் என்று எங்கே திரும்பினாலும் ஒயின் ஆலைகள்.

ஆனால் எல்லாரும் பிழைத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ஓட்டல்களில் கூட்டம் குறைந்தது. ஒயின் தேங்கியது. ஆலைகள் திராட்சை வாங்குவதை நிறுத்தியபோது, கடன் வாங்கி ஒயின் திராட்சை நட்ட விவசாயிகள் பலர் கொடியை வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். ஒயின் திராட்சையைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. பழம் சின்னது, தோல் தடித்தது, உள்ளே விதை. யார் வாங்கித் தின்பார்கள்? "கண்ணாடிக் கிளாசைப் பார்க்கிறவனுக்கு இது தெரியாது" என்கிறார் நண்பர்.

பந்தல் இல்லாத தோட்டம்

கடந்த பிப்ரவரி மாதம் நானும் நண்பருடன் போனேன். காலையில் தபோவன் எக்ஸ்பிரஸ். கசாராவில் பின்னால் என்ஜின் மாட்டி, 37 அடிக்கு ஒரு அடி ஏறும் மலைப்பாதையில் வண்டி முக்கி முனகி இகத்புரிக்கு ஏறியது. (அந்தப் பாதையில் நான் எத்தனை தடவை போனாலும் ஜன்னலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.) மேலே போனதும் காற்றே வேறு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர். பகலில் வெயில் அடித்தாலும் குளிர்கால இரவில் நன்றாகக் குளிரும். திராட்சையில் இனிப்போடு புளிப்பும் தங்குவது இந்த இரவுக் குளிரால்தான்.

தோட்டத்துக்குள் போனதும் நண்பர் ஆலையை மறந்துவிட்டார். கொடியின் அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். "எங்கள் ஊரில் தலைக்கு மேல் பந்தல் போட்டு ஏற்றுவோம். இங்கே பாருங்கள், கம்பி கட்டி வேலி மாதிரி நிறுத்தி இருக்கிறார்கள். குலை குறைவாக இருக்கும். அப்போதுதான் சாரம் ஏறும்" என்றார். ஐரோப்பாவில் பனி விழுந்து கொடி தூங்கும். இங்கே கொடிக்குத் தூக்கமே இல்லை. அதனால் ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் - அக்டோபரில் ஒரு கவாத்து என்று இரண்டு முறை வெட்டி, மழை முடிந்த பிறகு ஒரே அறுவடைக்குக் கொண்டுவருகிறார்கள். ஜனவரியில் இருந்து மார்ச் வரை அறுவடை.

வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். பெட் தாலுகாவில் இருந்தும் சுர்கானா தாலுகாவில் இருந்தும் வந்த ஆதிவாசிப் பெண்கள் குனிந்து குனிந்து குலை வெட்டி, பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு இருந்தார்கள். பிழைப்புக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவர்கள். நம்மைப் போலத்தான். "நீங்கள் இந்த ஒயினைக் குடித்தது உண்டா?" என்று ஒரு பெண்ணிடம் எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விட்டார். நண்பரோ அவர் கத்தரி பிடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிறம் எங்கே இருக்கிறது?

ஆலைக்குள் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே எவர்சில்வர் தொட்டிகள். அங்கே ஒரு விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது.

கருப்புத் திராட்சையைப் பிழிந்தால் சிவப்புச் சாறு வரும் என்றுதானே நினைக்கிறோம்? வராது! பெரும்பாலான கருப்புத் திராட்சையின் சாறு கிட்டத்தட்ட நிறம் இல்லாதது. நிறமெல்லாம் தோலில். வீட்டில் பன்னீர் திராட்சையை உரித்துப் பார்த்தால் தெரியும். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிரித்துப் புளிக்க வைக்கிறார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோல், விதையோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. கரியமில வாயு நுரைத்துக் கிளம்பி, தோலை எல்லாம் மேலே தள்ளி, தொட்டிக்குத் தொப்பி போட்டது போல் ஆக்கிவிடும். அடியில் உள்ள சாற்றைப் பம்பு வைத்து எடுத்து அந்தத் தொப்பியின் மேல் திரும்பத் திரும்ப ஊற்றுகிறார்கள். அப்படித்தான் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் பழம் தேவை.

பிறகு நல்ல சரக்கு பீப்பாய்க்குப் போகிறது. 225 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாய். பிரான்சில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் வருகிறது. பீப்பாய் அறையில் குளிர் நடுக்கியது. "மூச்சை இழுத்துப் பாருங்கள். அமெரிக்கப் பீப்பாயில் தேங்காய் வாசம் வரும்" என்றார் நண்பர். இழுத்தேன். உண்மைதான். துருவிய தேங்காய்!

நாக்குக்குத் தெரிந்த ருசி

ருசிக்கூடத்தில் கட்டணம் கட்டினால் நாலைந்து வகை ஒயினை அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருகிறார்கள். எங்களைச் சுற்றி இருந்த இளைஞர் கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டே ஒரே மடக்கில் விழுங்கியது. நண்பர் சட்டைப் பையில் இருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். கிளாசைச் சாய்த்து அதன்மேல் பிடித்து, ஓரத்து நிறத்தைப் பார்த்தார். இளம் ஒயினாக இருந்தால் ஓரம் ஊதா. வயதாக ஆகச் செங்கல் நிறம் தட்டும். பிறகு கிளாசைச் சுழற்றினார். முகர்ந்தார். ஒரு சின்ன மிடறு வாயில் வைத்து, காற்றை உறிஞ்சி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உருட்டினார். அப்புறம் பக்கத்தில் இருந்த பாத்திரத்தில் துப்பினார்.

இது மரியாதைக் குறைவு இல்லை. உலகம் முழுவதும் ஒயின் ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது வகை பார்ப்பவர் விழுங்கினால் என்ன ஆவார்?

பிறகு நண்பர் நோட்டை எடுத்தார். நாற்பது பக்க பள்ளிக்கூட நோட்டு. இதுவரை ஏழு நோட்டு நிரம்பி இருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்களில் ஒயின் வாசத்துக்கு நாம் கண்டிராத பழங்களின் பெயரை எல்லாம் அடுக்குவார்கள். நண்பர் எழுதுவது வேறு. ஷிராஸ் என்ற திராட்சைக்கு நேராக "மிளகு, கொஞ்சம் கரிந்த வெல்லம்." கபர்னே சாவிஞோனுக்கு "பச்சைக் குடமிளகாய், நறுக்கியவுடன்." இன்னொன்றில் "நாவல்பழம் தின்ற நாக்கு." ஒரு பக்கத்தில் வெறும் "ஈரச்சாக்கு. வேண்டாம்."

நண்பர் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது.

"சிவப்பு ஒயினின் உயிரே துவர்ப்புதான் சார். தோலிலும் விதையிலும் பீப்பாயிலும் இருந்து வருகிறது. முதல் தடவை வருகிற வெள்ளைக்காரர்களே அதற்கு முகம் சுளிக்கிறார்கள். நமக்கு அது புதிதா? வாழைப்பூ, மாதுளைத் தோல், கடுக்காய், கொட்டைப்பாக்கு. அறுசுவையில் ஒன்றாக அதற்கு இடம் கொடுத்தவர்கள் நாம். வெற்றிலை போடுகிற எங்கள் அப்பத்தா இருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கும்."

யவனர்கள் ஒயினைக் கப்பலில் ஏற்றித் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததும் பழைய கதைதான். புறநானூற்றில் அதற்குக் குறிப்பு இருக்கிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்தச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன.

நானும் ஒரு மிடறு பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: எனக்குக் கடுக்காய்க் கஷாயம் போலத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது கிளாசில் மிளகு வாசம் இருந்ததை நண்பர் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஊர் வந்து சேரும்வரை இருந்தது.

"துப்புறதுக்கா வந்தீக?"

இந்தப் பழக்கத்தை வீட்டில் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? ஏற்கவில்லை. முதல் இரண்டு ஆண்டு நண்பர் நாசிக்கில் இருந்து திரும்பும் இரவெல்லாம் வீட்டில் பேச்சு இல்லை. மனைவியும் அதே பள்ளத்தாக்குப் பெண். குடித்துச் செத்தவர்களை நேரில் பார்த்தவர். ஒரு நாள் நண்பர் அவரையே ரெயில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். ருசிக்கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தார். ஐந்தாவது கிளாசையும் நண்பர் துப்பியதும், "ஏங்க, துப்புறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்டாராம். அன்றைக்குத்தான் பயம் போனது. "காசு தண்டம்" என்கிற புகார் மட்டும் இன்றும் இருக்கிறது. அதற்கு நண்பரிடம் பதில் இல்லை. நல்ல சிவப்பு ஒயின் பாட்டில் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அவர் பாட்டில் வாங்குவது இல்லை. கட்டணம், டிக்கெட், பஸ், சாப்பாடு. அவ்வளவுதான் செலவு. அவர் சிகரெட் பிடிப்பதில்லை, சினிமாவுக்கும் போவதில்லை.

ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டேன். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கிறவன் தேடிக்கொள்ளும் சாக்கு சார் அது" என்றார். பாதுகாப்பான அளவு என்று மதுவில் ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. சிவப்பு ஒயினில் ஆல்கஹால் சுமார் 12 முதல் 14 சதவீதம். பீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2022-ல் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்கலாம் என்று மராட்டிய அரசு முடிவு செய்தபோது அண்ணா ஹசாரே எதிர்த்தார். நண்பரும் ஹசாரே பக்கம்தான். "பருப்பு வாங்கப் போகிற இடத்தில் பாட்டில் எதற்கு? ருசி பார்க்கிறவன் ஆலையைத் தேடிப் போவான்" என்பது அவர் கட்சி.

சிக்கல் இப்போது வேறு பக்கம் இருந்து வந்திருக்கிறது. போன மாதம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பனார், காபி குடித்துக்கொண்டே, "நீங்கள் ஒயின் ஆலைக்கெல்லாம் போவீர்களாமே?" என்று கேட்டுவிட்டார். யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். வீடே விறைத்துப்போனது. நண்பர் மறைக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஏழு நோட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். சூடம் அடித்த கதையையும் சொன்னார். அந்தப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு நோட்டை முதல் பக்கத்தில் இருந்து வரிசையாகப் படித்தாராம். "ஈரச்சாக்கு என்று எழுதி இருக்கிறீர்களே, அது என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "கலந்துகொண்டு சொல்கிறோம்" என்று கிளம்பிப் போனார்கள்.

போக விரும்புவோருக்கு

அறுவடையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜனவரி கடைசியில் இருந்து போகலாம். மும்பையில் இருந்து நாசிக் ரோடு சுமார் 190 கி.மீ. ஸ்டேஷன் வேறு, ஊர் வேறு என்பதை நினைவில் வைக்கவும். ஊருக்குப் பஸ்சில் போய், அங்கிருந்து கங்காபூர் சாலையில் ஆட்டோ பிடிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. கிழமை நாளில் போனால் நிதானமாக விளக்கம் சொல்வார்கள். 21 வயது ஆகாதவர்களுக்கு ருசிக்கத் தரமாட்டார்கள். மராட்டியத்தில் 1949-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. காந்தி ஜெயந்தி போன்ற மதுவிலக்கு நாட்களில் போய்ப் பயன் இல்லை.

ரெயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். போதையுடன் ரெயிலில் ஏறுவது ரெயில்வே சட்டம் 145-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. துப்புகிறவர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

நண்பர் வரும் ஜனவரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். இந்தத் தடவை மூன்று டிக்கெட். மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மாப்பிள்ளை வீட்டாரின் பதில் இந்தக் கட்டுரை எழுதும் வரை வரவில்லை.